ஏழாம் தூணின் சாட்சி

தென்னூர் பொன்னிவளம் அடுக்ககத்தில், வண்டி நிறுத்தும் தரைத்தளத்தின் ஏழாம் நம்பர் தூணில் விரிசல் விழுந்தது பங்குனி மாதம். குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் இளவரசன் அதை "மயிரிழை அளவிலான ஒரு சிறு நிகழ்வு" என்று சுற்றறிக்கையில் குறிப்பிட்டார். யாருடைய மயிர் என்று குறிப்பிடவில்லை. இரண்டாம் மாடி ஸ்டீபன்ராஜ் தன் ஸ்கூட்டர் சாவியை விரிசலில் நுழைத்துப் பார்த்தார். பாதிச் சாவி உள்ளே போனது. சித்திரை பிறந்ததும் மறுபடி நுழைத்தார். முழுச் சாவியும் போய், கொத்தில் தொங்கிய வேளாங்கண்ணி மாதா மட்டும் வெளியே நின்று அவரைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் கைய விட்டுப் பாக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி ரோசரி.

ரோசரி ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். விடை தவறு என்றால் வழியைக் கேட்காமலே அடித்துவிடுகிற கை. அவளுக்கு இந்தக் கணக்கில் ஒரே விடைதான். மகள் அனிஷா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இன்னும் மூன்று வாரம், அவளைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே கிராப்பட்டியில் தங்கை பிரான்சி வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"சம்பந்தியம்மா என்ன சொல்லுவாங்க? தாய் வீட்டுல வெச்சுப் பாக்க வக்கில்லாம சித்தி வீட்டுல தள்ளிட்டாங்கன்னு துறையூர் பூரா சொல்லுவாங்க," என்றார் ஸ்டீபன்ராஜ்.

"கூரை தலையில விழுந்தா என்ன சொல்லுவாங்களாம்?"

"அப்பா, எனக்குப் படி இறங்கறதே கஷ்டம். முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. ஒரே தடவைதான் இறங்குவேன்," என்றாள் அனிஷா, வயிற்றின்மேல் தட்டை வைத்து மாங்காய் தின்றுகொண்டே.

முடிவு பண்ணத்தான் சங்கம் ஒருமுறை கூடியது. முதல் மாடிக்காரரின் அக்கா மகன், துவாக்குடியில் கட்டடங்களைப் பற்றி ஆராய்ச்சி படிப்பவன், வந்து தூணை நாலு இடத்தில் தட்டினான். காதை வைத்துக் கேட்டான். பிறகு, "முதல்ல எல்லாரும் காலி பண்ணுங்க. டெஸ்ட்டெல்லாம் அப்புறம் எடுக்கலாம்" என்றான்.

இளவரசன் கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயருக்குக் கீழே கடிதத்தாளில் ஐந்து வரி பட்டம் உண்டு. மேலே அவர் படம் உண்டு. நடுவில் எழுத இடம் குறைவு. நேற்றுப் பிறந்த பயல் ஒருவன், அவர் குடியிருக்கும் கட்டடத்தைத் தட்டிப் பார்த்துக் குறை சொன்னதை, தன் முதுகையே தட்டிப் பார்த்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கட்டடம் சாதாரணக் கட்டடம் இல்லை," என்று எழுந்தார். "தொண்ணூத்தி ஒண்ணுலயே கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் கட்டினது. போட்டவர் யாரு? ஸ்ரீரங்கம் நரசிம்மாச்சாரி. அந்தக் கம்ப்யூட்டர் இன்னமும் அவர் மகன் வீட்டுல இருக்கு. அதைத் திறந்தா ஏழாம் தூண் எத்தனை டன் தாங்கும்னு அதுவே சொல்லும். மனுஷன் பொய் சொல்லுவான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

பொய் சொல்லாத ஒன்றைப் பற்றி எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்?

"அதை எழுப்பறதுக்கும் வெளியாள் தேவையில்லை. மின்னணு மருத்துவர் நம்ம ஸ்டீபன்ராஜ் இருக்கார்."

தென்னூர்க் கடைத்தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு கடையில் இன்வெர்ட்டர் போர்டும் வாஷிங் மெஷின் போர்டும் பற்றவைத்துக்கொண்டிருந்தவரை இதுவரை யாரும் மருத்துவர் என்று சொன்னதில்லை. ஸ்டீபன்ராஜ் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், "ஒரு வாரம் பொறு ரோசரி. பெட்டிய எழுப்பிடறேன். அது என்ன சொல்லுதோ அதுபடி செய்வோம்" என்றார்.

ரோசரி கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "தூணுல விரிசல். வைத்தியம் கம்ப்யூட்டருக்கு. நல்லாருக்கு."

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் இருந்தது வீடு. நரசிம்மாச்சாரியின் மகன் சௌரிராஜன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறக்கும்போதே உள்ளே கைகாட்டினார்.

"வாங்கோ வாங்கோ. செருப்பை வெளியிலேயே விட்டுடுங்கோ. பெருமாள் உள்ளுலேயே எழுந்தருளப் பண்ணியிருக்கோம்."

எழுந்தருளியிருந்தது கம்ப்யூட்டர். பூஜை அறையில் ஹயக்ரீவர் படத்துக்குப் பக்கத்தில், மணைப்பலகையின் மேல், பட்டுத்துண்டு போர்த்தி, ஒரு ட்ரங்குப் பெட்டி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. 286 என்று அந்தக் காலத்தில் சொல்லுவார்கள். இன்றைக்குக் கொசு விரட்டும் கருவிக்குள் அதைவிட அதிகப் புத்தி இருக்கிறது.

"ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் மூடியைக் கழட்டி உள்ளேயும் சந்தனம், குங்குமம் சாத்திடுவோம். மறுநாள் விஜயதசமி ஆன் பண்ணுவேன். அப்பா சொல்லிக் கொடுத்த க்ரமம் ஒண்ணு இருக்கு." மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க் வகை கேட்டால் பதினேழு என்று எப்படித் தட்ட வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது, சங்கல்பம் மாதிரி. "மூணு வருஷமாத்தான் கண்ணைத் திறக்க மாட்டேங்கறது. சாத்தறது மட்டும் நிறுத்தலை."

"டிஸ்க்கை மட்டும் கழட்டி வேற மிஷின்ல போட்டுப் பாக்க முடியாதா?" என்று அவரே கேட்டார்.

"முடியாதுங்க சார். இது அந்தக் காலத்து டிஸ்க். இதோட சொந்த போர்டு இருந்தாத்தான் வாயைத் திறக்கும்."

ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போது சௌரிராஜன் பட்டுத்துண்டைச் சரிசெய்தார். "அப்பா பேரைக் காப்பாத்திக் கொடுங்கோ," என்றார். காவிரிப் பாலத்தில் ஆட்டோ ஏறியபோது ஸ்டீபன்ராஜ் கீழே பார்த்தார். ஆறு முழுக்க மணல். வெயிலில் அது வெந்துகொண்டிருந்தது.

கடையில் மூடியைக் கழற்றியதும் முதலில் தெரிந்தது பக்தி. தாய்ப்பலகையின் மூலையில், நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளப் பொருத்தியிருந்த உருளை பாட்டரியின் மேல், விரற்கடை உயரத்துக்குச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மற்றதெல்லாம் தட்டையாக இருக்க, அது ஒன்றுதான் பூசுவதற்கு வாகாக எழும்பி நின்றிருக்கிறது. இருபது முப்பது வருடச் சந்தனம். ஸ்டீபன்ராஜ் அதைக் கத்தி முனையால் நெம்பினார். ஓடு மாதிரி மொத்தமாகக் கழன்று வந்தது. அடியில் பச்சை.

பாட்டரி எப்போதோ வெடித்து ஒழுகியிருந்தது. ஒழுகிய காரம் பலகையின் மேல் பச்சையும் நீலமும் வெள்ளையுமாகப் பூத்து, செம்புத் தடங்களைத் தின்றுகொண்டே விசைப்பலகைச் சிப்பு வரைக்கும் நடந்து போயிருந்தது. மேலே சந்தனம் மணக்க, கீழே அரிப்பு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நெற்றி நிறையக் குங்குமத்தோடு மங்களகரமாகத்தான் இருந்திருக்கும்.

ஸ்டீபன்ராஜ் பாட்டரியை வெட்டி எடுத்தார். வினிகரைப் பழைய பல்தேய்க்கும் பிரஷில் தொட்டுத் தேய்த்தார். அது பொங்கி நுரைத்தது. கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, மதிய வெயிலில் கடை வாசலில் காயவைத்தார். தடங்களின் மேலிருந்த பூச்சைப் பிளேடால் சுரண்டியபோது, உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடு மட்டும் இருந்தது. தொட்டதும் மாவாக உதிர்ந்தது.

ஐந்து நாள் பிடித்தது. செத்த ஒவ்வொரு தடத்துக்கும் மேலே தலைமுடி போன்ற செம்புக் கம்பியால் ஒரு மாற்றுப் பாதை போட்டார். இரு முனையிலும் மீட்டரை வைத்து, கூவினால் அடுத்தது. சிப்பைக் கழற்றி, அரித்துப்போன சாக்கெட்டை மாற்றி, திரும்பப் பொருத்தினார். பாட்டரி இருந்த இடத்தில் புதிதாக எதையும் வைக்கவில்லை. நேரம் தெரியாவிட்டால் தூணுக்கு என்ன?

இடையிடையே வீட்டிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அஃப்ஷீனின் சமையலறைத் தரையில் இரண்டு ஓடுகள் தாமாகவே நிமிர்ந்துகொண்டன. ராத்திரியில் பட்டாணி வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்ததாக முதல் மாடியில் சொன்னார்கள். காவலாளி மருதை தன் கட்டிலைத் தரைத்தளத்திலிருந்து தூக்கி, வெளிக் கேட்டுக்கு அந்தப்பக்கம் வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, காற்று வருகிறது என்றார். தலைவர் விரிசலின் மேல் சங்கத்தின் ஆண்டுவிழாச் சுவரொட்டியை ஒட்டச் செய்தார்.

சனிக்கிழமை மதியம் சௌரிராஜனை வரச்சொல்லி, அவர் கண்ணெதிரே ஸ்விட்சைப் போட்டார் ஸ்டீபன்ராஜ். மின்விசிறி கிளம்பியது. டிஸ்க் ஒரு கிழவனைப் போல் நாலு முறை செருமியது. பிறகு ஒரு பீப். பச்சை எழுத்துகள் திரையில் ஏறின.

சௌரிராஜன் கைகூப்பினார். முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு மோசமாகச் செத்த பலகையை ஸ்டீபன்ராஜ் எழுப்பியதில்லை. மின்னணு மருத்துவர் என்ற பட்டம் அந்த நொடியில் அவருக்குக் கொஞ்சம் குறைவாகக்கூடத் தோன்றியது.

பொன்னிவளம் என்ற கோப்பைத் திறந்தார். பதினாறு தூண்கள், பதினாறு வரிசை. ஒரு பத்தியில் தூணின் மேல் இறங்கும் பாரம், அடுத்ததில் தூண் தாங்கும் பாரம், இரண்டும் டன் கணக்கில். தாங்குவது அதிகமாக இருந்தால் கடைசிப் பத்தியில் ஓகே. குறைவென்றால் நாட் ஓகே. மேலிருந்து கீழே பார்த்தார். ஓகே. ஓகே. ஓகே. ஏழாம் தூணும் ஓகே.

"மாதாவே!" என்று நாற்காலியில் சாய்ந்தார். அனிஷா படி இறங்க வேண்டாம்.

சாய்ந்த இடத்திலிருந்துதான் கோப்பின் தேதி கண்ணில் பட்டது. 1980, ஜனவரி ஒன்று.

தொழில்காரருக்கு அது உறுத்தியது. பாட்டரி செத்த இந்த மாதிரி மிஷின், எப்போது திறந்தாலும் அன்றைக்கு 1980 ஜனவரி ஒன்று என்றுதான் நினைத்துக்கொள்ளும். நரசிம்மாச்சாரியின் மற்ற கோப்புகளிலெல்லாம் 91, 92, 93 என்று ஒழுங்கான தேதி இருந்தது. இதில் மட்டும் இல்லை. அப்படியென்றால் பாட்டரி செத்த பிறகு யாரோ இந்தக் கோப்பைத் திறந்து, எதையோ எழுதிச் சேமித்திருக்கிறார்கள்.

மறுபடி எண்களைப் பார்த்தார். இறங்கும் பாரமெல்லாம் 96.4, 112.3, 88.7 என்று கணக்குப் போட்ட எண்களாக இருந்தன. தாங்கும் பாரம் அப்படி இல்லை. 101. 108. 151. 501. பதினோராம் தூண் ஆயிரத்தொரு டன் தாங்கியது.

"சார்," என்றார் மெதுவாக, "இதென்ன சார், தாம்பூலத் தட்டுல வைக்கிற நம்பராவே இருக்கு?"

சௌரிராஜன் முகம் மலர்ந்தது. "அது அடியேன் எழுதினது."

"நீங்களா?"

"விஜயதசமின்னா தொழிலை ஆரம்பிக்கணுமோல்லியோ? சும்மா திறந்து மூடினா அது வெறும் சேவிச்ச மாதிரி. ஒரு எழுத்தாவது எழுதினாத்தான் ஆரம்பிச்ச மாதிரி. அப்பா ஆசார்யன் திருவடி அடைஞ்ச வருஷத்துலேருந்து வருஷத்துக்கு ஒரு தூண். நல்ல நம்பரா ஒண்ணு போட்டு சேவ் பண்ணிடுவேன். பதினோராவது போட்ட வருஷம் பொண்ணுக்குக் கல்யாணம். அதான் ஆயிரத்தொண்ணு. தூண் முடிஞ்சு பீம் ஆரம்பிச்சேன், அதுக்குள்ள இது படுத்துடுத்து."

ஸ்டீபன்ராஜ் திரையில் விரலை வைத்தார். "அதுக்கு முன்னாடி என்ன நம்பர் இருந்துச்சு சார்?"

"யாருக்கு ஞாபகம்? எம்பதோ தொண்ணூறோ."

"எழுதறதுக்கு முன்னாடியும் எல்லாம் ஓகேன்னுதானே இருந்துச்சு?"

சௌரிராஜன் பட்டுத்துண்டை மடிக்கத் தொடங்கினார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"சிலதுல நாட்னு இருந்தது. நல்ல நாளும் அதுவுமா, பெருமாள் சன்னிதியில அமங்கலமா நாட் நாட்னு... பாக்க நன்னாயில்லை. ஏழாவதுக்கு நூத்தியெட்டு போட்டேன். அப்பவும் நாட்டுன்னே நின்னுது. நூத்தியம்பத்தொண்ணு போட்டப்புறம்தான் சரியாச்சு."

கடை வாசலில் ஒரு பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"அப்பாவோட கணக்கு எப்படி சார் நாட்னு வரும்? அவர்தானே டிசைன்?"

"அவர் போட்டது மூணு மாடிக்கு. நாலாவது மாடி, எல்லாம் முடிஞ்சப்புறம் ப்ரமோட்டர் ஏத்தினான். அதுக்கப்புறம் அப்பா திரும்பக் கணக்குப் போட்டார். தொண்ணூத்தி மூணுல. அன்னியிலேருந்து அந்த ப்ரமோட்டரோட பேசறதை நிறுத்திட்டார். தென்னூர்ப் பக்கமே போக மாட்டார். ஏன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லலை." அவர் குரல் இறங்கியது. "இப்பத்தான் புரியறது, இல்லையா?"

"நாளைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லணும் சார்."

"சொல்றேன்," என்றார் சௌரிராஜன். ஆனால் ஸ்டீபன்ராஜைப் பார்த்துச் சொல்லவில்லை.

வீட்டில் ரோசரி கேட்டுவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள். "அந்தப் பெட்டிய நாளைக்குக் கொண்டு வராதீங்க. செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்க."

"எல்லார் முன்னாடியும் வெச்சு, நம்பரைக் காட்டி விளக்கினாத்தான் நம்புவாங்க. சார் வேற சாட்சி சொல்றேன்னிருக்கார்."

"வெளக்குவீங்களா? இல்ல எழுப்பினதைக் காட்டணும்னு ஆசையா?"

இரண்டும்தான் என்பது பதில்.

ஞாயிறு நாலு மணிக்குக் கூட்டம். துணிச்சலைக் காட்டுவதற்காக இளவரசன் ஏழாம் தூணின் அருகிலேயே மேசையைப் போடச் சொல்லியிருந்தார். ஐம்பது நாற்காலி, ஒலிபெருக்கி, குத்துவிளக்கு. கம்ப்யூட்டருக்கு ஒரு மாலை. தலைவருக்குத் தலைவரே ஏற்பாடு செய்துகொண்ட இன்னொரு மாலை.

திரையில் ஓகே வரிசையாக இறங்கியபோது கைதட்டல் எழுந்தது. சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். சௌரிராஜனுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. ஸ்டீபன்ராஜுக்கும் போர்த்தினார்கள். அவர் பொன்னாடையோடு மைக்கைப் பிடித்து, பாட்டரியிலிருந்து ஆரம்பித்தார். தேதி, சந்தனம், விஜயதசமி, நூற்றியெட்டு. மெக்கானிக்குக்குப் பேச்சு வராது. உண்மை அவர் வாயில் பற்றாத ஈயம்போல் உருண்டு உருண்டு ஓடியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

இளவரசன் மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார்.

"தம்பி ஸ்டீபன்ராஜ் பத்தவைக்கிற தொழில்ல மன்னன். இங்கயும் எதையோ பத்தவைக்கப் பாக்கறார்." சிரிப்பு. "கட்டடம் கட்டறது வேற, கம்பி ஒட்டறது வேற. பெரியவர் வாரிசே இங்க இருக்கார். கேட்டுருவோம். ஐயா, இது உங்க தகப்பனார் கணக்குதானே?"

ஐம்பது முகங்களும் சௌரிராஜன் பக்கம் திரும்பின. அவர் எழுந்தார். பொன்னாடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றால் தூண் பிழைத்தது. இல்லை என்றால் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், நரசிம்மாச்சாரி தொண்ணூற்று மூன்றிலிருந்து மூடிக் கிடக்கும் ஒன்றைத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு செத்தார் என்று.

"அப்பா கை பட்ட பெட்டி," என்றார். "அதுல இருக்கறது அப்பா ஆசீர்வாதம்."

கைதட்டல். கட்டடம் பத்திரமாக இருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த ஓட்டு இரண்டு. விரிசலை வெள்ளைச் சிமெண்டால் அடைத்து, சங்கத்தின் நிறத்தில் பெயிண்ட் அடிக்கவும் முடிவானது.

ஐந்தரை மணிக்கு பிரான்சியின் கணவர் கார் கொண்டுவந்தார். அனிஷா ஒவ்வொரு படியாக இறங்கினாள். சொன்னபடி ஒரே தடவை. ஸ்டீபன்ராஜ் இரண்டு பைகளைப் பின்னால் வைத்துவிட்டு, தானும் ஏறப் போனார்.

ரோசரி கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எங்க ஏறுறீங்க?"

"ஏன்?"

"எதிர்வீட்டுல அஃப்ஷீன் ரெண்டு புள்ளைகளை வெச்சிருக்கா. காலையில வரைக்கும் அவளுக்குப் பயமாத்தான் இருந்துச்சு. இப்ப பயம் போயிடுச்சு. யாரால போச்சு? பெட்டி செத்தே கிடந்திருந்தா பாதிப் பேரு இந்நேரம் மூட்டை கட்டியிருப்பாங்க."

"சொன்னேனே, யாரும் கேக்கலையே."

"மைக்குல சொன்னீங்க. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லுங்க. கால்ல விழுந்து சொல்லுங்க. எல்லாரையும் இறக்கிட்டு வாங்க."

கார் போயிற்று. ஸ்டீபன்ராஜ் மேலே ஏறினார்.

அஃப்ஷீன் இடுப்பில் சின்னவனோடு கதவைத் திறந்தாள். கேட்டுவிட்டுத் தயங்கினாள். "மாமா, நீங்க ரிப்பேர் பண்ணதுதானே ஓகேன்னு காட்டுச்சு? எங்க வீட்டுல இவர் படம் எடுத்து ஊர் பூரா அனுப்பிட்டார். இப்ப இறங்குன்னா சிரிப்பாரு." உள்ளேயிருந்து அவள் கணவன் சர்ஃபராஸ் குரல் கொடுத்தான். "தலைவர் சொல்லட்டும் அங்கிள், உடனே இறங்கறோம்."

மூன்றாம் மாடியிலும் அதேதான் சொன்னார்கள். தலைவர் சொல்லட்டும். ஒரு வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

தலைவர் வீடு நாலாம் மாடி. கணக்கு முடிந்த பிறகு ஏற்றிய மாடி. வாசலில் கறுப்புக் கல்லில் பெயரும், அதன் கீழே ஐந்து வரிகளும் பொறித்திருந்தன. ஸ்டீபன்ராஜ் மணியை அழுத்தினார்.

"யாரு?"

"ஸ்டீபன்ராஜ் சார். ஒரு அஞ்சு நிமிஷம்."

"கூட்டம் முடிஞ்சுது தம்பி. தீர்மானம் பதிவாயிடுச்சு. ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமா கொடுங்க."

"கதவைத் திறங்க சார். உங்க ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாரும் உக்காந்திருக்காங்க."

அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம் நெருங்கியது. தாழ்ப்பாள் நீங்கியது. கைப்பிடி கீழே இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. கதவு வரவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி. தேக்கு மரம். மழை பெஞ்சா ஊதிக்கும்."

"மழை பெஞ்சு மூணு மாசம் ஆச்சு சார்."

கைப்பிடி இன்னொரு முறை ஆடியது.

ஸ்டீபன்ராஜ் நிமிர்ந்து நிலையைப் பார்த்தார். இடது மேல் மூலையில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. வலது மூலையில் நிலை இறங்கி, கதவின் தோளைக் கடித்துப் பிடித்திருந்தது. கூட்டத்துக்கு இறங்கியபோது தலைவர் இதே கதவைத் திறந்துதான் வந்திருக்கிறார். திரும்பி உள்ளே போனபோதும் அது ஒழுங்காக மூடியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நிலை இறங்கியிருக்கிறது.

"ஸ்டீபன்," என்றது உள்ளேயிருந்து குரல். ஒலிபெருக்கி இல்லாமல், பட்டங்கள் இல்லாமல், அது ஒரு வயதானவரின் குரலாக இருந்தது. "கதவு வரமாட்டேங்குதுப்பா."

ஸ்டீபன்ராஜ் படிக்கட்டுக் கம்பியில் எட்டிக் கத்தினார். "அஃப்ஷீன்! புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு இறங்கும்மா! எல்லாரும் இறங்குங்க! தலைவர் சொல்லிட்டாரு!"

கீழே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. எத்தனை திறந்தன, எத்தனை திறக்க முடியாமல் இழுபட்டன என்று பிரித்தறிய முடியவில்லை.

அவர் இரண்டடி பின்வாங்கி, தோளால் கதவை இடித்தார். தேக்கு அசையவில்லை. நிலைக்கு மேலே சுவரிலிருந்து சுண்ணாம்புத் தூள் ஒரு பிடி கிளம்பி, இன்னும் கழற்றாத பொன்னாடையின் மேல் மெதுவாகப் படிந்தது. சுவருக்குள் எங்கோ ஆழத்தில், பட்டாணி ஒன்று வெடித்தது.

"இடிப்பா! இடி!" என்றார் இளவரசன்.

இடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஸ்டீபன்ராஜ் நின்றார்.